பிராட்வேக்குப் போன பொன்னாடை

பேருந்து நாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியைக் கடந்து பெருந்தெருவில் திரும்பியபோது, அக்கா மடியிலிருந்த துணிப்பையைத் திறந்தாள். மேலே கிடந்த மந்தரின் தோடம்பழங்கள் மூன்றையும் எடுத்து என் கையில் திணித்தாள். அடியில் கிடந்த ஏதோ ஒன்றை இன்னும் அடிக்குத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் சரிகை ஒன்று பளிச்சிட்டு மறைந்தது.

அந்தச் சரிகையை நான் அறிவேன். ஆறு மாதங்களாக அது என் தோளுக்கு உரியது.

"அக்கா, அது என்ரை பொன்னாடை."

"ஓம், உன்ரைதான்."

"அதை ஏன் கொண்டு வாறியள்?"

"அந்தப் பாட்டுக்காரிக்குப் போர்த்தத்தான். பலெர்மோவிலை வேறை எந்தக் கடையிலை பொன்னாடை விக்கினம், சொல்லு பாப்பம்?"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பேருந்து நிறைய ஆட்கள். அக்கா கூறைச்சேலை உடுத்து, அதன் மேல் தான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா கழித்துவிட்ட சாம்பல் நிறக் கம்பளி அங்கியைப் போட்டிருந்தாள். நேரே நியூயோர்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயிலிருந்து வந்த இசைநாடகத்தைப் பார்க்க நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். என் பொன்னாடையும் போய்க்கொண்டிருந்தது.

"வாரா வாரம் வென்ற கதையையே எழுதுகிறீரே, தோற்ற கதை உம்மிடம் ஒன்றுமே இல்லையா?" என்று இந்தத் தொடரின் வாசகி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். கடிதத்தில் கேலி இருந்தது. கேலிக்கு மறுமொழி தராமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை. இந்த அத்தியாயம் அவருக்குரியது.

பொன்னாடையின் பூர்வீகம்

நம்மவர் விழாக்களில் பொன்னாடை தோள் விட்டுத் தோள் தாவும். சங்கத் தலைவருக்குப் போர்த்தப்பட்டதைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்துவைப்பார். அடுத்த விழாவில் அது செயலாளருக்குப் போகும். செயலாளர் அதைத் தலைவரின் மைத்துனருக்குப் போர்த்துவார். மூவரும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத பெருமை கிட்டியவர்களைப்போலத் தலை குனிவார்கள். எனக்கு வந்த பொன்னாடையின் ஒரு மூலையில் பாயசக் கறை இருந்தது. அது எத்தனை மார்புகளைக் கண்டதோ, நான் விசாரிக்கவில்லை.

ஆனால், மற்றவர்களுக்கு அது பதவிக்குக் கிடைத்தது. எனக்கு நாவுக்குக் கிடைத்தது. அந்த வேறுபாட்டை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆறு மாதத்துக்கு முந்திய சங்க விழாவில் பட்டிமன்றம். புலம்பெயர்ந்த வாழ்வில் நாம் பெரிதும் இழந்தது உறவையா, மொழியையா என்பது பொருள். உறவு அணியில் பேசியவர்கள் தத்தம் தாயாரை நினைத்து மேடையிலேயே அழுதார்கள். வாதத்துக்குப் பதிலாகக் கண்ணீரை வைப்பவரை நான் பேச்சாளர் என்று ஏற்பதில்லை. மொழி அணிக்கு நான் தலைவன். நிறைவுரையில் மண்டபம் எழுந்து நின்றது.

அந்த நிறைவுரைக்கு நான் பட்ட பாட்டை எங்கள் வீட்டுச் சுவர்கள் அறியும். ஊரிலிருந்து நான் எடுத்துவந்த பொருள்களில் ஓர் ஒலிநாடாவும் இருந்தது. பெரிய மேடைப் பேச்சாளர் ஒருவரின் உரை அது. சீசாவில் அக்காவும் அத்தானும் நானும் குடியிருந்த இரண்டறை வீட்டில், ஆறு வாரம், வேலை முடிந்து வந்ததும் அந்த நாடாவை ஓடவிட்டேன், நிறுத்தினேன், பின்னோக்கிச் சுழற்றினேன். அவர் மூச்செடுத்த இடத்தில் நானும் மூச்செடுத்தேன். "என் தமிழினமே" என்று அவர் தொடங்குமுன் ஒருமுறை செருமுவார். நானும் செருமினேன். விழாவன்று அந்தச் செருமலுக்கே மண்டபம் அடங்கியது. இதற்குப் பெயர் பயிற்சி. வேறு பெயர் சூட்டுகிறவர்கள் மேடை ஏறி அறியாதவர்கள்.

துணி தேய்க்கும் அறையில் ஓர் அமெரிக்கப் பெண்

அக்கா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவிடம் ஓர் இசைத்தட்டு இருந்தது. திருமணமான புதிதில் கணவரோடு நியூயோர்க் போனபோது அந்த இசைநாடகத்தைப் பார்த்து வாங்கி வந்தாராம். அதை அவர் அறையில் அமர்ந்து கேட்டதை எவரும் கண்டதில்லை. அக்கா துணி தேய்க்கத் தொடங்கும்போது அதை ஓடவிட்டுத் தொலைபேசியில் கதைக்கப் போய்விடுவார். வேலைக்காரி சோர்ந்துபோகாமல் தேய்க்கட்டும் என்பதற்காகவோ, தாம் தொலைபேசியில் கதைப்பது அவள் காதில் விழாதிருக்கவோ, நான் அறியேன்.

மூன்று வருடம், வாரத்துக்கு இரு நாள். அக்காவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும். ஆனாலும் அந்த நாடகத்தின் பதினான்கு பாட்டுகளும் அவளுக்குப் பாடம். சட்டைக் கழுத்து எந்தப் பாட்டுக்கு, படுக்கை விரிப்பு எந்தப் பாட்டுக்கு என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். நாயகி தனித்துப் பாடும் நீண்ட பாட்டு சிஞ்ஞோராவின் மகனுடைய வெள்ளைச் சட்டைகளுக்கு உரியது. கடற்கரையில் நின்று, வராத கப்பலைப் பார்த்து ஒருத்தி பாடுகிறாள் என்று அக்கா அதற்குத் தானாகவே ஒரு கதையும் கட்டியிருந்தாள்.

ஆகவே அந்த நாடகம் எங்கள் நகருக்கு வருகிறது என்ற சுவரொட்டியைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு உறக்கம் போயிற்று. வியாழன் பிற்பகல் ஓய்வில் போய் வரிசையில் நின்று, உச்சி மாடத்தில் இரண்டு இருக்கை எடுத்து வந்தாள்.

அத்தான் தமக்கு வேண்டாம் என்றார். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் பறிக்கும் வேலை அவருக்கு.

"ஞாயிறு ஒண்டுதான் ஏணியிலை ஏறாத நாள். அண்டைக்கும் கூரை உச்சியிலை போய்க் குந்தச் சொல்லுறியே?" என்றார். "தம்பியைக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு மேடையெண்டால் போதும், ஆரின்ரை மேடையெண்டாலும்."

"தம்பி வரத்தான் வேணும். பாட்டுக்காரிக்குப் போர்த்தேக்கை ஆர் இங்கிலீசிலை கதைக்கிறது?"

வாழ்த்துரை வழங்க வேண்டும் என்று என்னிடம் முன்னரே சொல்லியிருந்தாள். எழுதி, திருத்தி, மனனம் செய்து, சட்டைப் பையில் வைத்திருந்தேன். போர்த்தப் போவது என் பொன்னாடை என்பதைத்தான் சொல்லவில்லை.

சிஞ்ஞோராவிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். "மாலா, நீயா? நாடகத்துக்கா?" அக்காவின் பெயர் தவமலர். முழுப்பெயரை உச்சரிக்கச் சிரமப்படுகிற இந்த மாதரசிகள்தாம் நமக்கு மொழி வராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

உரோம அங்கிகளின் பேரவை

அரங்கின் வாசலில் அன்று பலெர்மோவின் விலங்குக் காட்சி. வெயில் சுள்ளென்று அடித்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். ஆனாலும் சீமாட்டிகள் விலங்கு உரோம அங்கிகளுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர் இல்லாத ஊரில் உரோமம் அணிவதற்குக் காரணம் ஒன்றுதான்: அணியாதவரும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கவாசல். நூற்றுக்குக் குறையாத படிகள். உச்சி மாடத்தில் இருக்கைப் பலகை முழங்காலை இடித்தது. பழைய வெல்வெட்டின் தூசு நாசியில் ஏறியது. அக்கா மந்தரின் ஒன்றை உரித்தாள். அந்த மணம் எழுந்ததும் முன் வரிசையில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். அவருக்கு இரண்டு சுளை கொடுத்தாள். அந்த அரங்கில் எங்களைச் சமமாக நடத்திய ஒரே மனிதர் அவர்.

மேடைக்கு முன்னாலிருந்த வாத்தியக் குழியை எட்டிப் பார்த்தேன். ஒரு வயலின்கூட இல்லை. மடக்கு நாற்காலிகளும் ஒரு வாளியும் கிடந்தன. இசை முழுவதும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் என்று அப்போதே விளங்கிற்று. நேரே பிராட்வேயிலிருந்து வந்தது ஒலிநாடா மட்டுந்தான் போலும்.

கதையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பெரிய அங்காடி ஒன்றில் மின்தூக்கி இயக்கும் பெண். அங்காடி முதலாளியின் மகன் அவளைக் காதலிக்கிறான். தந்தை மறுக்கிறார், எல்லோரும் ஆடுகிறார்கள். வேலை போகிறது, எல்லோரும் ஆடுகிறார்கள். தந்தைக்கு மாரடைப்பு வருகிறது, மருத்துவரும் ஆடுகிறார். ஒரு கருத்துக்கு மறுகருத்து எழும் இடத்திலெல்லாம் காலைத் தூக்கிவிட்டால், நாடகம் எழுதச் சிந்தனை எதற்கு?

நாயகி வந்து முதல் பாட்டைத் தொடங்கினாள். மெலிந்த, சிறிய பெண். அக்கா என் முழங்கையைப் பற்றினாள்.

"தம்பி, அதே குரல். அச்சொட்டாய் அதே குரல்!"

அவள் கண் நிறைந்திருந்தது. மூன்று வருடத்துத் துணியெல்லாம் அந்த ஒரு கணத்தில் தேய்த்து முடிந்தாற்போல இருந்தாள். ஏளனத்துக்கு ஆயத்தமாக இருந்த நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடைவேளையில் ஒரு முயற்சி

நம் விழாக்களில் கலைஞரைக் கௌரவிப்பது இடைவேளையில்தான். பாதியில் நிறுத்தி, மேடையில் ஏற்றி, போர்த்தி, நாலு சொல் சொல்லி, கைதட்டி, பிறகு மிகுதியைத் தொடர்வார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று அக்கா எண்ணியிருந்தாள். உண்மையைச் சொன்னால், நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

விளக்கு எரிந்ததும் இருவரும் கீழே இறங்கினோம். கம்பள நடைபாதை வழியே, உரோம அங்கிகளுக்கு நடுவே, அக்கா பொன்னாடையை இரு கையிலும் ஏந்தி முன்னால் நடந்தாள். நான் வாழ்த்துரையோடு பின்னால் நடந்தேன். மேடையை அடைந்தபோது திரை மூடியிருந்தது. ஏறுவதற்குப் படியே இல்லை.

சிவப்புச் சட்டை அணிந்த பணியாள் ஓடிவந்தான். பொன்னாடையைக் காட்டி, விற்பனைக்கா என்று வேகமாகக் கேட்டான்.

"இவன் என்ன கேக்கிறான்?"

"விக்கவோ எண்டு கேக்கிறான்."

"விசரன்!" என்றாள் அக்கா. பிறகு தன் இத்தாலிய மொழியில் அவனுக்கு விளங்கப்படுத்தினாள். கலைஞர்களைக் காண்பதென்றால் நாடகம் முடிந்தபின் பின்வாசலுக்குப் போக வேண்டும் என்று அவன் சொன்னான். தோழியோடு வந்து மூன்றாம் வரிசையில் இருந்த சிஞ்ஞோரா எங்களைப் பார்த்தார். தோழியிடம் ஏதோ சொன்னார். தோழி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோற்ற அணி மேடையிலிருந்து இறங்கும் நடை எப்படியிருக்கும் என்பதை அந்த நடைபாதையில்தான் முதன்முறை அறிந்தேன்.

ஆறாம் மாடியில் ஒரு விழுங்கல்

இரண்டாம் பாதியில் அந்த நீண்ட பாட்டு வந்தது. நாயகி கடற்கரையில் நிற்கவில்லை. அட்டையால் செய்த மின்தூக்கிக்குள் நின்றாள். யாரோ கயிற்றை இழுக்க, அது கிறீச்சிட்டு மேலே ஏறியது. மாடிக்கு மாடி சுருதியும் ஏறியது.

"கப்பலைக் காணேல்லையே அக்கா?" என்றேன். அதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

"லிஃப்ற்றோ கப்பலோ, காத்துக்கொண்டு நிக்கிறவள் நிக்கிறவள்தான். சும்மா இரு."

நாலாம் மாடி. ஐந்தாம் மாடி. அக்காவின் வலக்கை மடியில் மெல்ல அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத சட்டையொன்றைத் தேய்த்தது. திடீரென்று கை நின்றது.

"இப்ப ஒரு விழுங்கு வரும்," என்றாள்.

"என்ன?"

"றெக்கோட்டிலை இந்த இடத்திலை அவ ஒருக்கால் எச்சில் விழுங்குவா. பிறகுதான் மேலை எடுப்பா. நான் கொலரைத் திருப்பிற இடம்."

விழுங்கும் ஓசை வந்தது. சிறியது, உலர்ந்தது, ஒலிபெருக்கிகள் அதை அரங்கின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. அந்த நேரத்தில் நாயகி இரு கையையும் விரித்து, வாயை அகலத் திறந்தபடி நின்றிருந்தாள்.

திறந்த வாயோடு எவரால் விழுங்க முடியும்?

"இவள் பாடேல்லை," என்றாள் அக்கா. "இது சிஞ்ஞோரா வீட்டு றெக்கோட்."

சுருதி உச்சிக்குப் போயிற்று. அரங்கம் எழுந்து நின்றது. பிராவா, பிராவா என்று முழக்கம். கீழே மூன்றாம் வரிசையில் சிஞ்ஞோரா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். தம் வீட்டுத் தட்டு, தம் வீட்டுக் குரல். இருபது வருடம் வைத்திருந்தும் அவருக்குத் தெரியவில்லை. துணி தேய்த்தவளுக்குத் தெரிந்தது. இந்நகரத்து மேன்மக்களின் இரசனையைப் பற்றி இதற்குமேல் நான் வாதிடத் தேவையில்லை.

எழுந்து நின்று அரங்கு அதிரக் கண்டனம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நா துடித்தது. ஒலிவாங்கி இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பேசக்கூடியவன் நான். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"குந்து. நீ கத்தினால் பொலிஸ் வரும். நாளைக்கு உன்ரை வதிவிடப் பெர்மெஸ்ஸோவை ஆர் புதுப்பிக்கிறது?"

அமர்ந்தேன். ஓர் ஆறுதல் இருந்தது: பொன்னாடை தப்பிவிட்டது.

பின்வாசல்

வெளியே வந்ததும் பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தேன். அக்கா அரங்கைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள்.

"இனி என்னத்துக்கு அங்கை?"

"கேக்கவேணும்."

சரி, கேட்கட்டும் என்று பின்னால் போனேன். சட்டைப் பையிலிருந்த வாழ்த்துரை பயனற்றுப்போயிற்று. போகிற வழியிலேயே ஒரு கண்டனவுரையைத் தொகுத்துக்கொண்டேன். கலைக்குத் துரோகம், இரசிகருக்கு வஞ்சகம், குரலற்றவரின் மகுடம் என்று மூன்று பகுதிகள்.

மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றிய பாரவண்டி ஒன்று நின்றது. அதன் அருகே நாயகி ஒரு மரப்பெட்டியின் மேல் தனியே அமர்ந்திருந்தாள். ஒப்பனை பாதி கலைந்திருந்தது. சட்டைக் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே போய் முன்னால் நின்றாள். தன் தொண்டையைத் தொட்டாள். நாயகியின் தொண்டையைக் காட்டினாள். தலையை இல்லையென்று ஆட்டினாள். கேள்வி முழுமையாக இருந்தது. நான் ஆயத்தம் செய்த மூன்று பகுதிகளும் அதற்குள் அடங்கியிருந்தன.

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஒலி வரவில்லை, காற்றுத்தான் வந்தது. நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"என்னவாம்?"

"மூண்டு கிழமையாய்க் குரல் இல்லையாம். மேடையிலை நிக்காட்டில் திருப்பி அனுப்பிப்போடுவினமாம். இவளின்ரை இடத்துக்கு இன்னொருத்தி அங்கை ரெடியாம்."

அக்கா அந்தப் பெண்ணின் கலைந்த ஒப்பனையைப் பார்த்தாள்.

"போன பெருநாளுக்குச் சிஞ்ஞோரா வீட்டிலை காய்ச்சலோடை பதினாறு பேருக்குப் பரிமாறினனான். வாயிலை சிரிப்பும் வைச்சுக்கொண்டு," என்றாள். என்னிடம் சொன்னாளா, அவளிடமா, தெரியவில்லை. பிறகு பையைத் திறந்தாள்.

பொன்னாடை தோளில் போர்த்தப்பட வேண்டியது. அதுவே மரபு. அக்கா அதை மூன்றாக மடித்து அந்தப் பெண்ணின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகினாள். பாயசக் கறை நாடிக்குக் கீழே வந்து நின்றது. மிஞ்சியிருந்த மந்தரின் பழங்களில் ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்த்துரையை எவரும் கேட்கவில்லை.

சீசாவுக்குத் திரும்பும் பேருந்து

இருக்கை கிடைத்ததும் தொடங்கினேன். அது நெசவுக் கூலிக்கு வாங்கிய துணி அன்று என்றேன். ஒரு மண்டபமே எழுந்து நின்றமைக்குச் சாட்சி என்றேன். இன்னொருத்தியின் குரலுக்கு வாயசைத்தவள் கழுத்தில் அதைக் கட்டுவது சொல்லுக்கு இழைத்த அவமானம் என்றேன். இரக்கம் வேறு, கௌரவம் வேறு. ஒரு கம்பளித் துண்டு போதுமாயிருந்தது என்றேன். வாதம் ஒழுங்காகவே இருந்தது. எதிரே நின்ற இருவர் மொழி விளங்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கடைசி மந்தரினை உரித்து முடித்தாள். தோலைப் பைக்குள் போட்டாள்.

"தம்பி, உன்ரை கசற்றிலை ஒரு ஐயா கதைக்கிறார் எல்லே. 'என் தமிழினமே' எண்டு துவங்க முதல் ஒருக்கால் செருமுவார்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"குசினிக்குள்ளை நிண்டு ஆறு கிழமை கேட்டனான். விழாவண்டைக்கு நீயும் அதே இடத்திலை செருமினாய். சனம் எழும்பிக் கைதட்டிச்சுது. அங்கை கேட்ட அவ்வளவும் அந்த ஐயாவின்ரை. 'காவிரி' எண்டு அவர் சொன்ன இடத்திலை நீ 'கடல்' எண்டு சொன்னாய். அது மட்டுந்தான் உன்ரை."

"அது பயிற்சி அக்கா."

"ஓமோம்." பழத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். "அவளுக்குத் தொண்டையிலை நோ, தம்பி. உனக்கு என்ன நோ?"

மறுமொழி சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமல் யாருடையது என்பது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு பழத்தைத் தின்றேன்.